ஓரொட்சைட்டும் ஈரொட்சைட்டும்

சென்ற மாதம் திருக்கோணமலை உட்துறைமுக வீதியில் உறவினர் ஒருவர் வீட்டு விறாந்தையில் அமர்ந்து, விஞ்ஞானப் பாடத்தை உரத்து வாசித்து மனனஞ் செய்துகொண்டிருந்த பத்தாந் தரச் சிறுமி ஒருத்தியிடம், காபனீரொட்சைட்டு என்னும் சொல்லின் நடுவே நிற்கும் ‘ஈர்’ எதைக் குறிக்கின்றது என்று கேட்டேன். சற்று யோசித்துவிட்டு, “ஈரமா இருக்கிறதோ மாமா?” என்றாள். பரீட்சையில் நல்ல புள்ளி வாங்குகிற பிள்ளை. ஆயினும், தாய்மொழி தானாகவே எடுத்துத் தருகிற விளக்கத்தை அவளுக்கு ஒருவரும் காட்டிக் கொடுக்கவில்லையே என்று என் மனம் மிக வருந்தியது.

‘ஈருடல் ஓருயிர்’ என்று கலியாண வீடுகளில் வாழ்த்துகிறோமே, அந்த ஈரும் ஓருந்தான் இவை என்றேன். உடனே அவள் காபனோரொட்சைட்டு என்ற சொல்லைத் தானாகவே பிரித்து, “அப்ப இதில ஒரு ஒட்சிசன்தான்” என்றாள். பின்னர் ஏடுகளைப் புரட்டிக் கந்தகமூவொட்சைட்டைக் கண்டுபிடித்து, மூன்று விரலை நீட்டிக் காட்டினாள்.

உயிரெழுத்துக்கு முன்னே ஒன்று ஓர் ஆகும், இரண்டு ஈர் ஆகும், மூன்று மூ ஆகி வகர உடம்படுமெய் பெறும் என்பது நாம் பள்ளியிற் படித்த புணர்ச்சி இலக்கணம். ஓரணு, ஈரணு, மூவணு என்னும் இரசாயனப் பரிபாஷை முழுவதும் அதன்மேல்தான் நிற்கின்றது. ஆகன் தனித்தே திரியும் ஓரணு வாயு, நாம் சுவாசிக்கும் ஒட்சிசன் ஈரணு, ஓசோன் மூவணு. ஒரு மூலக்கூறில் அடங்கிய அணுக்களின் தொகையைத் தமிழ்நாட்டுப் பாடநூல்கள் அணுக்கட்டு எண் என்கின்றன; நல்ல சொல், நாமும் எடுத்தாளலாம். அதற்குப் பிரதியாக, கார்பன் டை ஆக்ஸைடு என்று எழுதும் அவர்கள் நமது ஈரொட்சைட்டை ஏற்றுக்கொண்டால் நான் பெரிதும் மகிழ்வேன்.

ஈரணு என்னும் இம்மூன்றெழுத்துச் சொல் இலேசிற் கிடைத்ததன்று. இரண்டு பங்கு ஐதரசனும் ஒரு பங்கு ஒட்சிசனுஞ் சேர்ந்தால் இரண்டு பங்கு நீராவி உண்டாவதை எண்ணிப் பார்த்த விஞ்ஞானி அவோகாதரோ, ஒட்சிசனின் ஒவ்வொரு மூலக்கூறும் இரண்டாகப் பிளந்தாலன்றி இது சம்பவியாது என்று 1811இல் எழுதினார். ஒரே இனத்து அணுக்கள் இரண்டு இணைந்திருக்கக் கூடுமென்பதை டாற்றன் போன்ற மேதைகளும் ஒப்பாமையால், 1860இல் கால்ஸ்றூ நகரில் இரசாயன அறிஞர்கள் கூடி விவாதிக்கும் வரையில், ஏறக்குறைய அரை நூற்றாண்டு காலம், அந்த உண்மை கவனிப்பாரற்றுக் கிடந்தது.

ஓரும் ஈரும் அறிவது ஏட்டுக் கல்வி மாத்திரமன்று. சீனக்குடாவின் 99 எண்ணெய்த் தாங்கிகளைப் பார்த்து வளரும் நம் பிள்ளைகள், டீசலின் ஒரு மூலக்கூறில் காபனும் ஐதரசனுமாக ஏறக்குறைய ஐம்பது அணுக்கள் கோத்திருக்கக் கூடுமென்பதையும், போதிய காற்றோடு எரிந்தால் அது பெரும்பாலும் நீராவியாகவும் காபனீரொட்சைட்டாகவும் மாறுமென்பதையும், காற்றுப் போதாவிடத்துக் காபனோரொட்சைட்டுங் கிளம்புமென்பதையும் அறியவேண்டாமா? முன்னைய இரண்டும் மூவணு. பூமியின் வெப்பத்தைத் தடுத்து வைப்பவை. காற்றின் பெரும்பகுதியாகிய நைதரசனும் ஒட்சிசனுமோ, ஒரே இனத்து ஈரணுவாதலின், அவ்வெப்பத்தைப் போகவிடுகின்றன. காபனோரொட்சைட்டுக்கோ நிறமில்லை, மணமில்லை. இரத்தத்திலுள்ள ஈமோகுளோபினை ஒட்சிசனைக் காட்டிலும் 200 மடங்குக்கு மேல் இறுகப் பற்றும். மின்சாரம் நின்ற இரவில் கதவுகளைச் சாத்திவிட்டு அறைக்குள்ளே ஜெனரேற்றரை ஓடவிடுகிறவருக்கு, ஓரும் ஈரும் உயிர்ப் பிரச்சினை.

விஞ்ஞானத்தைத் தமிழிற் சொல்லும் இவ்வழியில் நமக்கு முன்னே நடந்தவர்கள் உண்டு. மானிப்பாயில் மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிற் புகட்டிய கிறீன் வைத்தியரின் முயற்சியால் 1875இல் ‘கெமிஸ்தம்’ என்னும் தமிழ் இரசாயன நூல் வெளிவந்தது. விஞ்ஞானப் பட்டதாரியும் யாழ்ப்பாணத்தில் விஞ்ஞானம் போதித்தவருமாய், பின்னர் நம் திருக்கோணமலை இந்துக் கல்லூரியை நடத்திய சுவாமி விபுலானந்தர், 1936இல் சென்னையிற் கூடிய கலைச்சொல் மாநாட்டுக்குத் தலைமை வகித்தார்.

ஆங்கிலத்திற் படித்தால் இந்தச் சங்கடமில்லை என்பாருடைய அபிப்பிராயத்தை நான் ஒப்பேன். மொனோ, டை, ட்ரை என்பன கிரேக்க எண்கள். ஆங்கிலேயச் சிறுவனுக்கே அவை அந்நியம். நம் பிள்ளைக்கோ ஓரும் ஈரும் பேச்சிலேயே கிடக்கின்றன. ஆகையால் இரசாயனம் போதிக்கும் ஆசிரியர்கள், சூத்திரத்தைக் கரும்பலகையில் எழுதுமுன், சொல்லை ஒருமுறை பிரித்துக் காட்டவேண்டும். கல்வி வெளியீட்டுத் திணைக்களம் தன் பாடநூலில், அணுவும் மூலக்கூறும் வரும் அதிகாரத்தின் தொடக்கத்திலேயே, ஓர், ஈர், மூ முதலிய எண்ணடைகளை விளக்கி அச்சிடவேண்டும். அதற்கு அரைப்பக்கம் போதும்.