கடலின் நிறமும் காமிராவின் நிறமும்

சென்ற மாதம் நம் விடுதி அறையொன்றின் சுவரில் வெள்ளை வேட்டியைக் கட்டி, கடலடியில் எடுத்த வண்ணப் படங்களை நண்பர்கள் சிலர் காட்டினர். அறை கொள்ளாத கூட்டம். ஓடில்லாத கடல் நத்தை ஒன்று தோன்றிற்று. நீல மேனியும் மஞ்சட் கரையுமாகக் காஞ்சிப் பட்டைப் பழித்தது அதன் உடல். அடுத்துக் கடற்குதிரை, அந்தக் குலத்தில் குஞ்சுகளை வயிற்றுப் பையில் சுமப்பவன் தந்தை. பின்னர் கணவாய், நொடிக்கு நொடி நிறம் மாற்றும் அந்த மாயக்காரனின் கண்களுக்கு நிறம் பிரித்தறியும் அமைப்பு இல்லை என்கின்றனர் அறிவியலார். படத்துக்குப் படம் "ஆகா!" என்ற ஒலி எழுந்தது. நானும் வியந்தவனே. ஆனால் வியப்போடு எழுந்து போய்விடுவது நமக்கு அழகாகுமா? அதைக் கேட்கவே இக்கட்டுரை.

கடலடியில் படமெடுக்கும் கலை நேற்றுப் பிறந்ததன்று. 1893-இல் லூயி பூத்தான் என்ற பிரெஞ்சு உயிரியல் அறிஞர், பன்யூல்ஸ் கடற்கரையில் காமிராவை நீருக்குள் இறக்கினார். 1926-இல் லாங்லி, மார்ட்டின் என்ற இருவர் புளோரிடாவுக்கு அப்பால் கடலடி மீனை முதன்முதலாக வண்ணத்தில் பிடித்தனர். அதற்காக மிதவையொன்றின் மேல் மக்னீசியத் தூளைக் கொளுத்திப் பேரொளி உண்டாக்கினர். நண்பகல் வெயில் போதாதா? போதாது. கடல்நீர் ஒளியை விழுங்குகின்றது; அதிலும் சிவப்பைத்தான் முதலில் விழுங்குகின்றது. பத்து மீட்டர் இறங்குவதற்குள் சிவப்பு பெரும்பாலும் மறைந்து, எஞ்சுவது நீலமும் பச்சையும். அங்கே சிவப்பு மீன் சிவப்பாக இல்லை; கருநிழலாக இருக்கின்றது. பகைவர் கண்ணுக்குத் தப்ப அதுவே அதன் போர்வை. நாம் கைவிளக்கோடு போய் அப்போர்வையை விலக்கிப் படமெடுத்து, "என்ன சிவப்பு!" என்று கைதட்டுகின்றோம்.

இந்தப் பாடத்தை நான் முதலில் கற்றது கல்லூரியில் அன்று. என் தாய்வழிப் பாட்டனார் கீழக்கரைப் பக்கத்தில் சங்கு குளித்தவர். ஆறு பாகம், ஏழு பாகம் ஆழத்தில் மூச்சடக்கித் தரை தடவியவர். இன்று காது சரியாகக் கேட்காது. விடுமுறையில் ஊருக்குப் போனபோது கைப்பேசியில் செக்கச்செவேலென்ற மீன் படமொன்றைக் காட்டினேன். உற்றுப் பார்த்தவர், "மேலே கொண்டாந்து எடுத்திருக்கான் தம்பி. கீழே இது கறுப்பால்ல இருக்கும்!" என்றார். மேலே கொண்டுவரவில்லை, விளக்கைக் கீழே கொண்டுபோனார்கள் என்று விளக்கினேன். "ரெண்டும் ஒண்ணுதானப்பா" என்று சொல்லிவிட்டு வெற்றிலையை மடித்தார். நான் வாயடைத்துப் போனேன்.

படங்கள் பொய் என்று நான் சொல்லவில்லை. இங்கே சௌரங்கியில் 1814-இல் தோன்றிய இந்திய அருங்காட்சியகம் இருக்கின்றது; 1916-இல் தொடங்கிய இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் தலைமையிடமும் இந்நகரமே. சாராயப் புட்டிகளில் கிடக்கும் கடலுயிர்களைக் கண்டவர்க்குத் தெரியும், அவை எப்படி வெளுத்துப் போகின்றன என்று. உயிரோடு, தன் இடத்தில், தன் அண்டையாரோடு வாழும் உயிரைக் காட்டியது காமிராதான். அந்த நன்றியை மறக்கலாகாது.

என் குறை வேறு. நிறமுள்ளதைத் தேடித் தேடிக் காட்டுவதால், நிறமற்றது கடலில் இல்லவே இல்லை என்ற எண்ணம் நம்முள் வேரூன்றுகின்றது. அன்று காட்டிய படங்களில் சங்கு இல்லை. ஏன்? உயிருள்ள சங்கு வெண்மையாக இராது. பழுப்புத் தோல் போர்த்து, மணலில் பாதி புதைந்து கிடக்கும். கூழாங்கல் என்றே எண்ணத் தோன்றும். அந்தச் சங்குதான் மன்னார் வளைகுடாவிலிருந்து நெடுங்காலமாக வங்கத்துக்கு வந்து, அறுபட்டு, மெருகேறி, வங்க மணமகளின் கையில் வெண்வளையாகின்றது. அதன் பக்கத்தில் செவ்வளை. அது பவளத்தின் பெயரால் வழங்குவது. நம் கடலுக்கும் இந்நகருக்கும் உள்ள உறவு ஒவ்வொரு டிராமிலும் ஒவ்வொரு பேருந்திலும் நம் எதிரே அமர்ந்திருக்கின்றது. நாமோ ஆஸ்திரேலியப் பவளத்திட்டைக் கண்டு பெருமூச்சு விடுகின்றோம்!

இராமேசுவரம் முதல் தூத்துக்குடி வரை வரிசையாகத் தீவுகள். அவை 21 என்பது கணக்கு. 1986-இல் கடல்சார் தேசியப் பூங்கா, 1989-இல் உயிர்க்கோளக் காப்பகம் எனச் சட்டப் பாதுகாப்பு வந்தது. ஆயினும் சுண்ணாம்புக்காகப் பவளப்பாறைகளை வெட்டியெடுத்த காலத்தின் வடு மாறவில்லை. பூவரசன்பட்டி, விலாங்குசல்லி ஆகிய இரு தீவுகள் நீரில் மூழ்கிவிட்டன. 2010-லும் 2016-லும் கடல் சூடேறியபோது பவளங்கள் தம்முள் வாழும் நுண்பாசிகளை உமிழ்ந்து வெளுத்தன. அந்தப் பாசியே அவற்றுக்கு நிறமும் உணவும். இங்கே வெண்மை தூய்மையின் அறிகுறியன்று, பட்டினியின் அறிகுறி. அந்த வெள்ளைப் படத்தையும் நாம் திரையில் காட்டியிருக்க வேண்டாமா?

"நிறமில்லாவிட்டால் யார் பார்க்க வருவார்கள்?" என்று நண்பரொருவர் கேட்டார். நியாயமான கேள்வி, என்னையே இழுத்தது அந்த நிறந்தானே! நிறம் வாயிற்படியாக இருக்கட்டும். வாயிற்படியிலேயே நின்றுவிடக் கூடாது என்பதே என் வாதம்.

ஆகவே நம் மன்றத்தாருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை படம் காட்டும்போது, ஒவ்வொரு படத்தின் கீழும் ஆழம் எவ்வளவு, விளக்கு இருந்ததா என்று எழுதுங்கள். இலத்தீன் பெயரோடு நம் கரையோர மக்கள் வழங்கும் பெயரையும் எழுதுங்கள். கணவாய், திருக்கை, பேத்தை, சிங்கி இறால், ஆவுளியா! இவை அகராதி பார்த்து ஆக்கிய சொற்களல்ல. உப்புநீரில் ஊறிய சொற்கள். விடுமுறைக்கு ஊர் செல்லும் கடற்கரை மாணவர் ஒவ்வொருவரும் பத்துப் பெயர்களைக் கேட்டு எழுதி வந்தால், ஓராண்டில் ஒரு நல்ல தொகுப்பு உருவாகும். காது கேளாத பாட்டன்மார் எத்தனை நாள் இருப்பார்கள்? அவர்கள் போனபின் படம் இருக்கும், பெயர் இராது.

முதற் பத்தை நான் எழுதத் தொடங்கிவிட்டேன். ஒவ்வொரு பெயரையும் இருமுறை உரக்கக் கேட்க வேண்டியிருக்கின்றது. ஆனால் ஒருமுறைகூட அவர் சலித்துக்கொண்டதில்லை.