கானலில் பொய் சொல்வது கண்ணன்று

கோடை நண்பகலில் அபுதாபியிலிருந்து லிவா நோக்கிச் செல்லும் பாலைவனச் சாலையில் கானல் நீரைக் காணாதவர் அரிது. சூடேறிய தரையை ஒட்டிய காற்று அடர்த்தி குறைந்துவிடுகிறது. வானிலிருந்து வரும் ஒளி அதன் வழியே வளைந்து கண்ணை அடைகிறது. தொலைவில் நீர் பளபளப்பதாகத் தோன்றுகிறது. இதில் கவனிக்கத்தக்கது ஒன்று உண்டு. அதே காட்சியை ஒளிப்படக் கருவியும் பதிவு செய்யும். அவ்வாறாயின், கண் பொய் சொல்லவில்லை. வந்த ஒளியை அது உள்ளவாறே பெற்றுக்கொண்டது. அங்கே நீர் இருக்கிறது என்று மனம் செய்த முடிவே பொய்.

வளைகுடாவின் வடமுனையை அடுத்த பசுரா நகரில் பத்தாம் நூற்றாண்டில் பிறந்த அறிஞர் இப்னு அல் ஹைதம், தமது ஒளியியல் நூலில் பார்வைப் பிழைகளை வகைப்படுத்தி ஆராய்ந்தார். பிழை கண்ணில் மட்டும் பிறப்பதில்லை, கண்டதைக் கொண்டு மனம் செய்யும் அனுமானத்திலும் பிறக்கிறது என்பது அவர் காட்டிய பகுப்பு. கயிற்றைப் பாம்பென்று மயங்கும் உவமை தமிழருக்கும் புதியதன்று. திருக்குறளில் மெய்யுணர்தலுக்கென்றே ஓர் அதிகாரம் உண்டு. மெய்யையும் மாயையையும் பிரித்தறிய மனிதனால் இயலுமா என்ற கேள்வி மெய்யியலாருக்கு மட்டும் உரியதன்று. வளைகுடாத் தமிழருக்கு அது வயிற்றோடும் கடனோடும் பிணைந்த கேள்வி.

828 மீட்டர் உயரமுள்ள புர்ஜ் கலீஃபா 2010ஆம் ஆண்டு சனவரியில் திறக்கப்பட்டது. அதன் முன் நின்று படம் எடுத்து ஊருக்கு அனுப்பாத தமிழ்த் தொழிலாளர் மிகச் சிலரே. அப்படம் மெய். அந்தக் கோபுரமும் மெய். முகத்தில் உள்ள சிரிப்பும் ஒருவேளை மெய்யே. ஆனால் அப்படத்தைக் கண்டு இராமநாதபுரத்திலோ புதுக்கோட்டையிலோ மட்டக்களப்பிலோ செய்யப்படும் முடிவு என்ன? அவன் அங்கே நலமாக இருக்கிறான், என் மகனும் அங்கே போனால் நலமடைவான் என்பதே. சோனாப்பூர் முகாமின் அடுக்குக் கட்டில்களும், கோடை வெயிலில் நடக்கும் கட்டட வேலையும், முகவருக்குக் கொடுத்த பணத்துக்கு ஏறும் வட்டியும் அப்படத்தின் சட்டத்துக்குள் வருவதில்லை. பொய்யான படம் ஒன்றுகூட இல்லாமல் முழுப் பொய்யொன்று இவ்வாறு உருவாகிவிடுகிறது.

தாள்களின் கதையும் இதுவே. ஏமாற்றும் முகவர் எப்போதும் போலி விசாவைத் தருவதில்லை. உண்மையான வருகை விசாவையே தருகிறார். ஆனால் அதைக் கொண்டு அமீரகத்தில் வேலை செய்வது சட்டப்படி குற்றம். இந்தியாவில் பத்தாம் வகுப்புத் தேறாதோர் வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குச் செல்லுமுன் குடியகல்வு அனுமதி பெற வேண்டும். சுற்றுலாப் பயணியாக அனுப்பப்படுபவரோ அந்தச் சோதனையைக் கடக்காமலேயே வானூர்தி ஏறிவிடுகிறார். அவரது ஊதியத்தையும் ஒப்பந்தத்தையும் எந்த அலுவலரும் பார்ப்பதில்லை. விசாக் காலம் முடிந்த பின்னும் ஊர் திரும்ப வழியின்றித் தவிப்போர் இத்தகையோரிலும் உண்டு. உரிய அனுமதியின்றித் தங்கியிருப்போருக்காக 2018, 2024 ஆகிய ஆண்டுகளில் அமீரகம் பொதுமன்னிப்புக் காலம் அறிவிக்க வேண்டியிருந்தது.

படித்த இளைஞர் ஏமாறமாட்டார் என்பதும் கானலே. 2022 செப்டம்பரில் இந்திய வெளியுறவு அமைச்சகம் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. தாய்லாந்தில் கணினி வேலை என்று சமூக ஊடக விளம்பரங்கள் மூலமும், துபாயிலும் இந்தியாவிலும் உள்ள முகவர்கள் மூலமும் தொழில்நுட்பம் பயின்ற இளைஞர்கள் ஈர்க்கப்பட்டு, எல்லை தாண்டி மியன்மாருக்குக் கொண்டு செல்லப்பட்டு, இணைய மோசடிக் கூடங்களில் அடைக்கப்படுகிறார்கள் என்பதே அதன் சாரம். அடுத்த மாதம் மீட்கப்பட்டுச் சென்னை வந்தடைந்தவர்களுள் தமிழக இளைஞர் 13 பேர் இருந்தனர். கணினியை அறிந்த கண்களும் விளம்பரத்தைத் தாண்டிப் பார்க்கவில்லை.

இன்றோ ஒருவரது குரலையும் முகத்தையும் கணினி கொண்டு உருவாக்கிவிட முடிகிறது. மகனின் குரலில் பணம் கேட்டு அழைப்பு வந்தால், அந்தக் குரலே சான்று என்று கொள்ளும் காலம் கடந்துவிட்டது.

அப்படியானால் பிரித்தறியவே இயலாதா? இயலும். உற்றுப் பார்ப்பதனால் அன்று, சோதித்துப் பார்ப்பதனால். கானலை எத்தனை நேரம் உற்று நோக்கினாலும் அது நீராகவே தோன்றும். அருகே சென்றால் விலகி ஓடும். நீரோ நின்ற இடத்தில் நிற்கும். வேலை வாய்ப்புக்கும் அத்தகைய சோதனைகள் உண்டு.

2016 சனவரியில் நடைமுறைக்கு வந்த அமீரகத் தொழிலாளர் அமைச்சக ஆணையின்படி, வெளிநாட்டிலிருந்து ஆள் எடுக்கும் நிறுவனம் முன்னதாகவே வேலைக் கடிதத்தைத் தொழிலாளிக்குக் காட்டி ஒப்பம் பெற வேண்டும். அக்கடிதம் கிடைக்கும் மொழிகளுள் தமிழும் ஒன்று. பின்னர் வரும் ஒப்பந்தம் அதனினும் குறைந்ததாக இருத்தல் ஆகாது. 2022 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டம், ஆளெடுப்புச் செலவைத் தொழிலாளியின் தலையில் சுமத்துவதைத் தடை செய்கிறது. இந்தியாவில் பதிவு பெற்ற முகவர் பெறத்தக்க கட்டணத்துக்கு 30,000 ரூபாயும் அதற்குரிய வரியும் என்ற வரம்பு உண்டு. முகவரின் பதிவை இ-மைக்ரேட் தளத்திலும், இலங்கையர் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்திலும் சரிபார்க்கலாம். கடிதம் எங்கே, பதிவு எண் எது, பணத்துக்கு ரசீது உண்டா என்று கேட்டதும் நழுவுகிறவர் காட்டுவது கானல். இக்கேள்விகளைப் பணம் கைமாறுமுன் கேட்க வேண்டும். கைமாறிய பின் கேட்பதில் பயனில்லை.

எனினும் எந்தச் சட்டமும் செய்ய இயலாத பணி ஒன்று புலம்பெயர்ந்தோரிடமே உள்ளது. துன்பத்தை மறைத்து நலமென்று எழுதுவோர் அன்பினாலேயே அவ்வாறு செய்கின்றனர். தாயின் உறக்கம் கெடலாகாது என்பதே அவர்தம் எண்ணம். அதைப் பழித்தல் முறையன்று. ஆயினும் ஒரு தாயின் உறக்கத்துக்காகக் காக்கப்பட்ட மௌனம், அடுத்த தெருவில் இன்னொரு தாயின் நகையை அடகுக் கடைக்கு அனுப்புகிறது. உண்மை ஊதியம் எவ்வளவு, தங்குமிடம் எத்தகையது, கடன் அடைய எத்தனை ஆண்டு ஆனது என்பவற்றை ஊரார் கேட்கும்போது உள்ளவாறு சொல்லும் துணிவு வளைகுடாத் தமிழருக்கு வேண்டும்.

இங்கே குடும்பத்தோடு வாழும் பெற்றோருக்கும் அவர்தம் பிள்ளைகளுக்கும் இதில் தனிப் பொறுப்பு உண்டு. ஆங்கிலமும் அரபும் கற்று அரசுத் தளங்களை எளிதில் கையாளும் இளையோர், ஊரிலுள்ள உறவினருக்கு வந்த வேலைக் கடிதத்தைச் சரிபார்த்துக் கொடுக்க அரை மணி நேரம் போதும். அந்த அரை மணி நேரம் ஒரு குடும்பத்தின் பத்தாண்டுக் கடனைத் தடுக்கக்கூடும்.