எழுதாத ஒப்பந்தம் யார் குற்றம்?



திருவல்லிக்கேணியில், மயிலையில், மதுரை மாசி வீதிகளின் பின்னால் ஒளிந்து கிடக்கும் சந்துகளில் இப்படி ஒரு குடும்பத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். தந்தை குடிவந்த வீடு. மகன் மணமுடித்த வீடு. இன்று பேரன் பள்ளிக்குக் கிளம்பும் வீடு. எழுதிக்கொண்ட பத்திரம் ஏதுமில்லை. "வாடகை இவ்வளவு, மாதம் ஐந்தாம் தேதிக்குள்" என்று திண்ணையில் பேசிய பேச்சே பத்திரம். வீட்டுக்காரர் தலையசைத்ததே முத்திரை. அந்தக் குடும்பத்தின் வாயிலில் ஒரு நாள் வக்கீல் நோட்டீஸ் வந்து நிற்கிறது. வாடகை பாக்கி என்றா? இல்லை. வீட்டைப் பாழாக்கினாய் என்றா? அதுவும் இல்லை. நமக்குள் எழுத்து மூலமான ஒப்பந்தம் இல்லை, ஆகவே வெளியேறு என்று!

ஒப்பந்தம் எழுத இருவர் வேண்டும். எழுதாமற் போனால் இருவருக்கும் பொறுப்பு உண்டு. தெருவுக்கு வருபவரோ ஒருவர் மட்டும். இந்த விசித்திரக் கணக்கு எப்படிப் பிறந்தது என்பதை அறியாமல் இதனை எதிர்த்துப் பேச முடியாது. ஆகையால் சற்றுப் பழைய கதைக்குப் போவோம்.

இரண்டாம் உலகப் போரின்போது, 1941ல், சென்னை மாகாணத்தில் வீட்டு வாடகைக் கட்டுப்பாட்டு உத்தரவு பிறந்தது. போர் முடிந்தது, வீட்டுப் பஞ்சம் முடியவில்லை. 1946ல் ஒரு சட்டம், 1949ல் இன்னொரு சட்டம். 1949ஆம் ஆண்டுச் சட்டம் நியாய வாடகைக்கு அளவுகோலாகக் கொண்டது, 1940 ஏப்ரல் முதல் தேதிக்கு முந்திய 12 மாதங்களில் அந்த வட்டாரத்தில் நிலவிய வாடகையை. போருக்கு முந்திய விலைவாசியைப் போருக்குப் பிந்திய வீட்டின் மேல் ஏற்றி வைத்த ஏற்பாடு அது. நெடுநாள் நிற்குமா? நிற்கவில்லை. 1960ல் வந்த சட்டம் வேறு வழியை வகுத்தது. மனையின் சந்தை மதிப்பையும் தேய்மானம் போகக் கட்டடத்தின் மதிப்பையும் கூட்டி, அதில் ஆண்டுக்கு இத்தனை விழுக்காடு என்று வாடகையைக் கணக்கிட்டது. 1973ல் செய்த திருத்தத்துக்குப் பிறகு அது குடியிருப்புக்கு 9, கடை கண்ணிகளுக்கு 12.

இங்கே சற்று நின்று கவனியுங்கள். வாடகைக் கட்டுப்பாடு என்றாலே வாடகையை உறைய வைப்பது என்று பலர் எண்ணுகிறார்கள். பம்பாயில் நடந்தது அது. அங்கே 1940 செப்டம்பர் வாடகையே சட்டத்தின் அளவாகப் பல பத்தாண்டுகள் நீடித்தது. 1997ல் உச்ச நீதிமன்றம் அது நியாயத்துக்குப் பொருந்தாது என்று கூறும் நாள்வரை நீடித்தது. நம் மாநிலத்துச் சட்டம் உறையவில்லை. மனை விலையோடு சேர்ந்து ஏறியது. ஒரு லட்சம் மதிப்புள்ள வீட்டுக்கு 9 விழுக்காடு என்றால் மாதம் 750 ரூபாய். அதே வீட்டின் மதிப்பு, மனை விலை ஏறியதால், 50 லட்சமானால்? மாதம் 37,500! குடியிருப்பவரின் சம்பளம் அந்தக் கணக்கில் எங்கேனும் இடம் பெற்றதா? இல்லை. நியாய வாடகை கோரி மனுப்போடும் உரிமை இரு தரப்புக்கும் இருந்தது. குடியிருப்பவருக்குக் கேடயமாக வார்த்த அந்த உரிமையை, மனை விலை ஏறிய நாளில் வீட்டுக்காரர்கள் வாளாக ஏந்தினார்கள். மனு, தீர்ப்பு, கட்ட முடியாத வாடகை, பாக்கி, பிறகு காலி செய்யக் கோரி இன்னொரு மனு!

ஆயினும் பழைய சட்டத்தின் உண்மையான வலிமை வாடகைத் தொகையில் இருக்கவில்லை. வெளியேற்றத்துக்கு அது போட்ட வேலியில் இருந்தது. ஒப்பந்தத்தின் காலம் முடிந்தாலும் குடியிருப்பு முடியாது. சட்டம் எண்ணிச் சொன்ன காரணங்களில் ஒன்றை வீட்டுக்காரர் மெய்ப்பித்தாக வேண்டும். வேண்டுமென்றே வாடகை செலுத்தாமை, உள்வாடகைக்கு விடுதல், கட்டடத்துக்குச் சேதம் விளைத்தல், சொந்தக் குடியிருப்புக்குத் தேவை, இடித்துக் கட்டுதல் போன்றவை அவை. குடியிருந்தவர் இறந்தால், உடன் வாழ்ந்த மனைவி மக்களுக்கும் அந்தக் காப்பு தொடர்ந்தது. சென்னையில் சிறுவழக்கு நீதிமன்றம், அதன்மேல் அப்பீல், அதன்மேல் உயர் நீதிமன்றத்தில் சீராய்வு என்று மூன்று படிகள். பல குடும்பங்கள் அந்தப் படிகளிலேயே முதுமை எய்தின என்பதும் உண்மை.

வாடகை வாங்க மறுத்துப் பாக்கியை உண்டாக்கும் சூழ்ச்சி இருக்கிறதே, அது தனிக் கலை! மாதப் பிறப்பில் பணத்தோடு போனால் வீட்டில் ஆள் இல்லை என்பார்கள். மறுநாள் போனால் கதவு திறவாது. இதற்கும் 1960ஆம் ஆண்டுச் சட்டம் வழி சொன்னது. பணம் கட்ட ஒரு பாங்கியின் பெயரைப் பத்து நாளில் தெரிவிக்கும்படி வீட்டுக்காரருக்கு எழுத வேண்டும். தெரிவிக்காவிட்டால் கமிஷன் கழித்து மணியார்டர் அனுப்ப வேண்டும். அதுவும் திரும்பி வந்தால் நீதிமன்றத்தில் மனுச்செய்து கட்ட வேண்டும். ஒரு படியைத் தாண்டி அடுத்த படிக்குப் போனவர்கள் வழுக்கி விழுந்தார்கள். வரிசை தவறாமல் நடந்தாக வேண்டும் என்று உச்ச நீதிமன்றமே 2002ல் கூறிவிட்டது. எழுதப் படிக்கத் தெரியாத ஒரு மூதாட்டிக்கு இந்த வரிசையை யார் சொல்லிக் கொடுத்தார்கள்? பல இடங்களில் தெருமுனை மளிகைக்காரரோ, தபால்காரரோதான்.

"வீட்டுக்காரன் எல்லாம் குபேரனா? ஓய்வுபெற்ற வாத்தியார், கணவனை இழந்த அம்மையார், ஒரே வீட்டின் வாடகையில் மருந்து வாங்குகிறவர் இல்லையா?" என்று கேட்போர் உண்டு. உண்டு தோழர்களே, அவர்களும் உண்டு. நகரின் நடுவே பெரிய கடையை வைத்துக்கொண்டு, கைப்பிடி வாடகையை அந்த அம்மையாரின் முகத்தில் விட்டெறிந்த வியாபாரிகளும் உண்டு. அதை மறைத்துப் பேசினால் நம் வாதம் நொண்டும். ஆனால் அந்த அம்மையாரின் கண்ணீரைக் காட்டித்தானே மனை வணிகரின் காரியம் நடக்கிறது!

சரி, புதிய சட்டத்துக்கு வருவோம். 2017ல் இயற்றி, 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டுச் சட்டம், 1960ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கியது. ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த வழக்குகள் மட்டும் பழைய சட்டப்படி தொடரலாயின. இனி எல்லாம் எழுத்து. அந்த எழுத்தையும் துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். வாடகை எவ்வளவு என்பதை ஒப்பந்தமே சொல்லும். 9 விழுக்காடு, 12 விழுக்காடு என்ற பழைய கணக்குக்கு இடமில்லை. வேறு உடன்பாடு இல்லாவிடில் முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேற்படாது என்கிறது. முன்பணமாகப் பத்து மாத வாடகை கேட்டுப் பழகிய சென்னையில் இது நல்ல விதியே. ஆனால் "வேறு உடன்பாடு" என்ற சிறு சொல்லின் வழியாகப் பத்து மாதமும் உள்ளே நுழைந்துவிடும்!

நெடுநாள் குடியிருப்போருக்குத்தான் இடி. எழுத்தில்லாப் பழைய குடியிருப்புகளை எழுத்தாக்க முதலில் 90 நாள் தந்தார்கள். பிறகு நீட்டி 575 நாள் என்றார்கள். அந்த நாட்களும் 2020 செப்டம்பரோடு ஓடிப்போயின. அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக் காலம் கொள்ளை நோயும் ஊரடங்கும்! காலம் கடந்ததும், "இருவரும் ஒப்பந்தம் செய்துகொள்ளத் தவறினர்" என்பதே வெளியேற்றத்துக்குப் போதுமான காரணங்களில் முதலாவதாக நிற்கிறது. தவறியவர் யார் என்று அந்த வாசகம் கேட்கவில்லை. குடியிருப்பவர் பேனாவோடு காத்திருந்தாரா, வீட்டுக்காரர் கையெழுத்திட மறுத்தாரா என்று கேட்கவில்லை. கையெழுத்து மறுப்பதால் வீட்டுக்காரருக்கு நஷ்டம் ஏதுமில்லை. காலி வீடு கைக்கு வருகிறது. இப்படி ஒரு விதி இருக்கையில் எந்த வீட்டுக்காரர் ஆவலோடு கையெழுத்திடுவார்?

நாம் பழைய சட்டத்தை அப்படியே மீட்டுத் தா என்று கேட்கவில்லை. எழுத்து வேண்டாம் என்றும் சொல்லவில்லை. எழுத்து ஏழைக்கு நல்லதே. எழுத்து மூலம் ஒப்பந்தம் கோரியும் வீட்டுக்காரர் மறுத்தார் என்றால், அந்தத் தவறு குடியிருப்பவர் தலையில் விழக்கூடாது என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். நெடுநாள் குடியிருந்தோருக்கு வாடகை ஏற்றத்தில் ஒரு வரம்பு வேண்டும். கேட்பது இவ்வளவே. ஒரு வரி சேர்ப்பதற்குச் சட்டமன்றத்துக்கு ஒரு பகல் போதும்.

அந்த வரி சேரும்வரை கிளைத் தோழர்கள் வேலை ஒன்று செய்யலாம். உங்கள் வட்டத்தில் ஒப்பந்தமின்றி நெடுநாள் குடியிருப்போர் எவரெவர் என்று வீடுவீடாகச் சென்று கேளுங்கள். ரசீது இருக்கிறதா, மணியார்டர் துண்டு இருக்கிறதா, பாங்கிப் பற்று இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாதவர்கள் இந்த மாத வாடகையிலிருந்தே தடயம் விட்டுச் செலுத்தட்டும். ஒப்பந்தம் எழுதித் தரும்படி வீட்டுக்காரருக்குச் சேர்ந்ததற்கான சான்று கிடைக்கும்படி விரைவுத் தபாலில் கடிதம் எழுத உதவுங்கள். நகலையும் அஞ்சல் ரசீதையும் பத்திரமாக வைக்கச் சொல்லுங்கள். நோட்டீஸ் வந்த பிறகு எழுதும் கடிதத்தை விட, வருவதற்கு முன் எழுதும் கடிதம் நீதிமன்றத்தில் நேர்மையாகப் பேசும். முதியவர்கள் தனியே இருக்கும் வீடுகளுக்கு முதலில் போங்கள்.