பழைய கோப்பு எங்கே போகிறது?

கணினியில் இருப்பதையெல்லாம் தினமும் முழுசாக நகலெடுக்க யாருக்கும் நேரமோ பொறுமையோ கிடையாது. ஆயிரக்கணக்கில் கோப்புகள் இருந்தாலும் ஒரு நாளில் நாம் கைவைப்பவை சொற்பம்தான். மாறியவற்றை மட்டும் வெளி ஹார்டு டிஸ்க்கில் பேக்கப் எடுக்கும் எளிய மென்பொருள் போதும் என்று நினைப்பது நியாயமே. இலவசமாகவே நல்லவை கிடைக்கின்றன. தேர்ந்தெடுக்கும்போது வேகத்தை விசாரிக்கிறோம், வசதியை விசாரிக்கிறோம். மேலெழுதப்படும் பழைய கோப்பு என்ன ஆகிறது என்று மட்டும் விசாரிப்பதில்லை. ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

விஸ்டா காலம் முதல் விண்டோஸுடனேயே வரும் ‘ரோபோகாப்பி’யை எடுத்துக்கொள்வோம். கோப்பின் அளவும் கடைசியாகத் திருத்திய நேரமும் இரண்டு பக்கமும் ஒத்துப்போனால் விட்டுவிடும், இல்லையென்றால் நகலெடுக்கும். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காது. பென் டிரைவ்களில் உள்ள ஃபேட்32 அமைப்பு நேரத்தை 2 விநாடிப் படிகளில்தான் குறித்துவைக்கும். 10 மணி 15 நிமிடம் 7 விநாடி என்பதை அதில் எழுதவே முடியாது. விண்டோஸ் வட்டின் என்டிஎஃப்எஸ் அமைப்போ விநாடியில் கோடியில் ஒரு பங்குவரை குறிக்கும். இந்த வித்தியாசத்தைக் கணக்கில் எடுக்கச் சொல்லாவிட்டால், தொடாத கோப்பும் மாறிய கோப்பாகவே தெரியும். ‘மாற்றம்’ என்று மென்பொருள் புரிந்துகொள்வது இவ்வளவுதான்.

ஒரு சிறிய அலுவலகத்தின் கணக்கர் வெள்ளிக்கிழமை மாலை எக்செல் கோப்பில் ஒரு ஷீட்டைத் தவறுதலாக அழித்துவிட்டுச் சேமிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இரவு பேக்கப் ஓடுகிறது. கோப்பு மாறியிருக்கிறது, ஆகவே நல்ல நகலின் மேல் கெட்ட நகல் ஏறுகிறது. திங்கட்கிழமை விஷயம் தெரியவரும்போது இரண்டு இடத்திலும் ஒரே குறை. இரு பக்கத்தையும் அச்சு அசலாக ஒன்றாக்கும் ‘மிரர்’ முறையில் இன்னும் மோசம்: மூலத்தில் அழிந்தது நகலிலும் அழியும். 2017 மே மாதம் உலகைக் கலங்கடித்த ‘வான்னாக்ரை’ என்ற ரான்சம்வேர் கோப்புகளைப் பூட்டி, மூலத்தை அழித்தது. அப்படிப்பட்ட கணினியில் மிரர் ஓடினால் அது செய்வது தாக்குதலுக்கான எடுபிடி வேலை. டிஸ்க்கைச் செருகியபடியே விட்டால் அந்த வேலைகூடத் தேவையில்லை; தாக்குதல் நேராக அதையும் பூட்டிவிடும்.

எனவே முதல் நிபந்தனை, பழைய பதிப்புகளை வைத்திருப்பது. விண்டோஸ் 8 முதல் வரும் ‘ஃபைல் ஹிஸ்டரி’ இதைச் செய்கிறது. விண்டோஸ் 11-இல் கண்ட்ரோல் பேனலுக்குள் ஒதுங்கிக் கிடப்பதால் பலர் கண்ணில் படுவதில்லை. ‘ஃப்ரீஃபைல்சிங்க்’கில் ‘வெர்ஷனிங்’கைத் தேர்ந்தெடுத்தால், மேலெழுதப்படும் கோப்பு தேதியோடு வேறொரு ஃபோல்டருக்குப் போகும். ஆண்ட்ரூ ட்ரிட்ஜலும் பால் மக்கராஸும் 1996-இல் வெளியிட்ட ‘ஆர்சிங்க்’ இன்னும் நேர்த்தியானது. உரிய தேர்வைக் கொடுத்து ஓட்டினால், ஒவ்வொரு நாளுக்கும் முழு நகல் போலவே ஒரு ஃபோல்டரை அது உருவாக்கும். மாறாத கோப்புகள் புதிதாக இடம் பிடிக்காது. லினக்ஸ் பழகியவர்களுக்கு இதைவிட நம்பகமான துணை இல்லை என்பேன்.

இரண்டாவது, நகல் சாதாரணக் கோப்பாகவே இருக்க வேண்டும். விண்டோஸ் எக்ஸ்பியின் ‘என்டிபேக்கப்’ எல்லாவற்றையும் தனக்கே உரிய ஒரே பொதியாகக் கட்டிவைத்தது. விஸ்டாவில் அந்த மென்பொருள் இல்லை. பழைய பொதியைப் பிரிக்கவே மைக்ரோசாஃப்ட் தனிக் கருவி தர வேண்டியிருந்தது. மேலே சொன்ன மூன்றும் இந்தச் சிக்கலைத் தருவதில்லை.

பிறகு, மௌனமாகத் தோற்காமல் இருப்பது. 2017 ஜனவரி 31 அன்று ‘கிட்லேப்’ நிறுவனத்தின் பொறியாளர் தவறான சர்வரில் டேட்டாபேஸை அழித்துவிட்டார். மென்பொருள் பதிப்புகள் பொருந்தாததால் அங்கே தினசரி பேக்கப் தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது; எச்சரிக்கை மின்னஞ்சல்களும் போய்ச் சேரவில்லை. சுமார் 6 மணி நேரம் முன்பு வேறொரு வேலைக்காக எடுத்த நகல்தான் கைகொடுத்தது. வல்லுநர்கள் நிறைந்த இடத்திலேயே இந்த நிலை என்றால், வீட்டுக் கணினியில் ஓடும் பேக்கப்பை நம்பிச் சும்மா இருந்துவிட முடியாது.

இந்த ஞாயிற்றுக்கிழமை பேக்கப் டிஸ்க்கை வேறொரு கணினியில் செருகுங்கள். ஒரு கோப்பு போன மாதம் எப்படி இருந்ததோ அந்தப் பதிப்பைத் தேடியெடுத்துத் திறந்து பாருங்கள். கிடைக்கவில்லை என்றால், அமைப்பையோ மென்பொருளையோ அன்றைக்கே மாற்றிவிடுங்கள்.