சிலந்தியும் சிறுவரும்

பொங்கல் நெருங்கும் நாளில் வீட்டை ஒட்டடை அடித்து வெள்ளையடிப்பது நம் வழக்கம். கூரை மூலையில் ஒட்டடைக் கோல் பட்டவுடன் சிலந்தி ஒன்று நூலைப் பற்றிக்கொண்டு இறங்குகிறது. குழந்தை அதனை வியந்து நோக்கிக் கைகொட்டுகிறது. உடனே பெரியவர் ஒருவர், "ஐயோ, பூச்சி! கடித்துவிடும்!" என்று கூவித் துடைப்பத்தை ஓங்குகிறார். சிலந்தி மடிகிறது, குழந்தையின் வியப்பும் அதனோடு மடிகிறது. மறுமுறை சிலந்தியைக் கண்டால் அக்குழந்தை அலறுகிறது. அவ்வச்சத்தை அதற்குக் கற்பித்தவர் யார்? நாமே அல்லமோ?

இளங்குழந்தைகளுக்குச் சிலந்தியை முறையாக அறிமுகம் செய்துவைத்தல் வேண்டும். எட்டுக்காற்பூச்சி என்று நாம் அழைப்பினும், அது பூச்சியினத்தைச் சேர்ந்ததன்று. பூச்சிக்குக் கால்கள் ஆறு, சிலந்திக்கோ எட்டு. தேளே அதற்கு நெருங்கிய உறவு. உலகில் 50,000-க்கும் மேற்பட்ட சிலந்தி வகைகளுக்கு அறிஞர் பெயரிட்டுள்ளனர். வலை பின்னுவனவும் உண்டு. வலையின்றிச் சுவரில் பாய்ந்து ஈயைப் பிடிப்பனவும் உண்டு. விருதுநகர் வட்டாரத்துக் கரிசற்காட்டில் பருத்தியைக் கெடுக்கும் பூச்சிகள் பலவற்றைச் சிலந்திகள் பிடித்துண்ணுகின்றன. உழவர்க்குக் கூலி கேளாத காவலாள் அவை.

'சிலந்திக்கு நஞ்சு உண்டே!' எனச் சிலர் கூறலாம். உண்மைதான். இரையைக் கொல்லும் நஞ்சு ஏறக்குறைய எல்லாச் சிலந்திகளுக்கும் உண்டு. எனினும், மனிதருக்குப் பெருந்தீங்கு செய்வன மிகச் சிலவே. சிவகாசிச் சிறுவனுக்கு நாம் தீயை வெறுக்கவா கற்பிக்கிறோம்? மத்தாப்பைக் கை நீட்டிப் பிடிக்கவும், எரிந்த கம்பியை நீர் வாளியில் இடவும் பழக்குகிறோம். அவ்வாறே, "கண்ணால் பார், கையால் தொடாதே" என்று சிலந்தியிடத்தும் பழக்கலாம். எச்சரிக்கை வேறு, அச்சம் வேறு.

பழகாத உயிரைக் காக்க எவரும் முன்வாரார். இராமேசுவரம் தீவில் மரப்பொந்துகளில் வாழும் பெரிய சிலந்தி வகை ஒன்றுக்கு அறிஞர் 2004-ஆம் ஆண்டில் பெயரிட்டனர். பின்னர், கடலுக்கு அப்பால் இலங்கையின் மன்னாரிலும் அது காணப்பட்டது. புளியும் பனையும் வெட்டுண்ண, அதன் உறைவிடம் சுருங்குகிறது. அழிவின் விளிம்பில் நிற்கும் உயிர்களுள் ஒன்றாக அது 2008-இல் குறிக்கப்பட்டது. கடலின் இருகரையிலும் தமிழ் பேசும் குழந்தைகள் வாழ்கின்றனர். அவர்கள் அதனை அறியாது வளர்ந்தால், நாளை அதற்காகப் பரிந்து பேசுவார் யார்?

நம் முன்னோர் சிலந்தியை இகழ்ந்தாரல்லர். திருவானைக்காவில் இறைவன் திருமேனிமீது சருகு விழாவண்ணம் வலையால் பந்தரிட்ட சிலந்தியே மறுபிறப்பில் கோச்செங்கட் சோழனாயிற்று என்பது புராணம். சிலந்தியை அரசனாகக் கண்ட நாட்டில் குழந்தை அதனைக் கண்டு நடுங்குவது பொருந்துமோ?

குழந்தைகளுக்குரிய படங்களும் நூல்களும் சிவகாசி அச்சகங்களில் அச்சாகின்றன. எழுத்துப் படங்களில் 'சி' என்னும் எழுத்துக்குப் பெரும்பாலும் சிங்கமே வீற்றிருக்கிறது. சிங்கத்தை நம் குழந்தை எங்கே காணும்? சிலந்தியோ, அப்படம் தொங்கும் சுவரின் மூலையிலேயே இருக்கிறது! சிங்கத்தின் அருகில் சிலந்திக்கும் ஓர் இடம் தந்தால் குறையொன்றும் இல்லை.

மாணவர்களே! அப்படம் வரும்வரை காத்திராதீர்கள். நாளைக் காலையில் உங்கள் தம்பி தங்கையரைத் தோட்டத்து வேலிக்கு அழைத்துச் செல்லுங்கள். பனித்துளி தாங்கிய வலையைக் காட்டுங்கள். தொடாமல் நின்று, சிலந்தியின் கால்களை எண்ணச் சொல்லுங்கள். எட்டு என்று எண்ணி முடித்த குழந்தை, அதனைக் கொல்லத் துடைப்பம் தேடாது.