மௌனம் எனும் மறுநோய்: எயிட்ஸ் பற்றிய அச்சங்களும் அறுகம்பேயும்

நோய்களின் வரலாறு மருத்துவத்தின் வரலாறு மட்டுமன்று. அது சமூகங்களின் வரலாறுமாகும். ஒரு சமூகம் எந்த நோயைப் பற்றி வாய்விட்டுப் பேசுகின்றது, எந்த நோயை மறைக்கின்றது, எந்த நோயாளியை அணைத்துக்கொள்கின்றது, எவரை ஊருக்குப் புறத்தே நிறுத்துகின்றது என்பவற்றை நோக்கின், அச்சமூகத்தின் விழுமியங்களும் அதிகார உறவுகளும் தாமாகவே புலப்படும். மட்டக்களப்பு வாவியிலுள்ள மாந்தீவு தொழுநோயாளரைப் பிரித்துவைக்கும் இடமாக நெடுங்காலம் விளங்கியது. தொழுநோயை முற்றாகக் குணமாக்கும் மருந்துகள் வந்து பல தசாப்தங்கள் கழிந்த பின்னரும் அந்நோயின் பெயர் கிழக்கிலங்கையில் வசைச்சொல்லாக வழங்குகின்றது. மருந்து நோயை வென்றது, மனப்பாங்கை வெல்லவில்லை. எயிட்ஸ் குறித்து இன்று நிலவும் மௌனமும் இத்தகையதே.

1981ஆம் ஆண்டு யூன் மாதம் அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ஐந்து இளைஞரிடம் காணப்பட்ட அபூர்வமான நுரையீரல் நோய் பற்றிய சிறு அறிக்கையுடன் இந்நோயின் எழுதப்பட்ட வரலாறு தொடங்குகின்றது. 1983இல் பரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில் பிரான்சுவாஸ் பாரே-சினூசி, லுக் மொந்தானியே ஆகியோர் இதற்குக் காரணமான வைரசைப் பிரித்தறிந்தனர். அதற்காக 2008இல் நோபல் பரிசும் பெற்றனர். 1987இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபையில் உரையாற்றிய மருத்துவர் ஜொனதன் மான் மூன்று கொள்ளைநோய்களைப் பற்றிப் பேசினார். முதலாவது, எவருமறியாது பரவும் எச்.ஐ.வி. தொற்று, இரண்டாவது, சில ஆண்டுகளின் பின் வெளிப்படும் எயிட்ஸ், மூன்றாவது, அவற்றுக்கு எதிராகச் சமூகம் காட்டும் அச்சமும் ஒதுக்கலும். முதலிரண்டையும் கட்டுப்படுத்தும் வழிகளை மருத்துவம் இன்று கண்டுவிட்டது. மூன்றாவதைக் கட்டுப்படுத்தும் பொறுப்பு மருத்துவருடையதன்று, படித்தவர் எனப்படுவோருடையது. அப்பொறுப்பை அவர்கள் நிறைவேற்றியுள்ளனரா என்பதே இங்கு எழும் வினா.

கல்முனையிலிருந்து சாய்ந்தமருது, நிந்தவூர், ஒலுவில், அக்கரைப்பற்று, திருக்கோவில் எனத் தெற்கே நீளும் கரையோரப் பாதை பொத்துவிலைக் கடந்து அறுகம்பேயை அடைகின்றது. மீன்பிடியையும் வயலையும் நம்பி வாழ்ந்த இக்கரை, அலைச்சறுக்கு விளையாட்டினால் உலகெங்கும் பெயர் பெற்றது. 2004 டிசெம்பர் 26ஆந் திகதிய ஆழிப்பேரலை இதனை நிலைகுலையச் செய்தது. 2009இல் போர் முடிந்தபின் உல்லாசப் பயணத்துறை இங்கு பெருகியது. ஏப்பிரல் முதல் ஒக்ரோபர் வரையிலான பருவத்தில் வெளிநாட்டவரோடு, விடுதிகளிலும் உணவகங்களிலும் தொழில் தேடி நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் இளைஞர் வந்து கூடுகின்றனர். வருவாய் வந்தது, புதிய பழக்கங்கள் வந்தன, அவற்றோடு ஓர் எளிய விளக்கமும் வந்து சேர்ந்தது. எயிட்ஸ் வெள்ளைக்காரனின் நோய், அது கடற்கரையோடு நிற்கும், கட்டுப்பாடுள்ள முஸ்லிம் ஊர்களுக்குள் நுழையாது என்பதே அவ்விளக்கம்.

இவ்விளக்கம் புதியதன்று. 1980களில் இந்தியாவிலும் இதுவே கூறப்பட்டது. குடும்ப ஒழுக்கம் மிக்க நாட்டில் இந்நோய்க்கு இடமில்லை எனப் பலர் நம்பியிருந்த வேளையில், 1986இல் சென்னையில் மருத்துவர் சுனிதி சொலமனின் வழிகாட்டலில் அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலா திரட்டிய குருதி மாதிரிகள் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் சோதிக்கப்பட்டன; அவற்றுட் சிலவற்றில் தொற்று இருப்பது தெரியவந்தது. ஒழுக்கம் பற்றிய பெருமிதம் அந்நாட்டைக் காக்கவில்லை. பின்வந்த ஆண்டுகளில் அங்கு தொற்றுற்றோர் தொகை இருபது இலட்சத்தைத் தாண்டியது. இலங்கையில் முதலில் அறியப்பட்டவர் 1986இல் ஒரு வெளிநாட்டவர் என்பது உண்மையே. ஆயின் அடுத்த ஆண்டிலேயே இலங்கையர் ஒருவரிடமும் தொற்று அறியப்பட்டது. 2022இல் மட்டும் நாட்டில் 600க்கு மேற்பட்ட புதிய தொற்றுகள் பதிவாகின. இவற்றை விமான நிலையத்தின் மீது சுமத்திவிட்டு ஊர் உறங்கமுடியாது. உலகில் இத்தொற்று மிகக் குறைவாகவுள்ள நாடுகளுள் இலங்கையும் ஒன்று என்பது மகிழ்ச்சிக்குரியதே. ஆனால் குறைவாக இருக்கும்போதே தடுப்பது எளிது என்பதுதான் அதன் பொருள், தடுக்கத் தேவையில்லை என்பதன்று.

வைரசு எவ்வாறு இயங்குகின்றது என்பதை அறிந்தவர் அதற்கு நாடோ மதமோ கற்பிக்கமாட்டார். உடலின் நிர்ப்பீடனத்தை வழிநடத்தும் சீடி4 எனப்படும் வெண்குருதிக் கலங்களுள் எச்.ஐ.வி. புகுகின்றது, தனது ஆர்.என்.ஏ.யை டீ.என்.ஏ.யாக மாற்றி அக்கலத்தின் மரபுப்பொருளோடு இணைத்துவிடுகின்றது. பின்னர் அக்கலமே வைரசை உற்பத்தி செய்யும் பட்டறையாகின்றது. சிகிச்சையின்றேல் ஏறத்தாழ எட்டு முதல் பத்து ஆண்டுகளில் இக்கலங்கள் அருகி, உடல் சாதாரணக் கிருமிகளுக்கும் ஈடுகொடுக்க இயலாத நிலையை அடைகின்றது. அந்நிலையே எயிட்ஸ். எச்.ஐ.வி. என்பது கிருமி, எயிட்ஸ் என்பது அதன் முற்றிய விளைவு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதே பல பிழைகளின் தொடக்கமாகும். இடைப்பட்ட ஆண்டுகளில் தொற்றுற்றவர் நலமுடையவராகவே தோன்றுவர். ஆகவே முகத்தைப் பார்த்து நோயை அறியலாம் என எண்ணுவது அறியாமை.

குருதி, விந்து, பெண்ணுறுப்பு மற்றும் மலவாயிற் சுரக்கும் திரவங்கள், தாய்ப்பால் ஆகியவற்றின் வழியே மட்டும் இது பரவுகின்றது. பாதுகாப்பற்ற உடலுறவு, தொற்றுள்ள குருதியேற்றல், பகிரப்படும் ஊசி, கருவுற்ற அல்லது பாலூட்டும் தாயிடமிருந்து சேய்க்குச் செல்லுதல் ஆகியனவே வழிகள். கைகுலுக்கல், ஒரே சகனில் உண்ணல், ஒரே கிணற்றில் நீரள்ளல், இருமல், கண்ணீர், வியர்வை ஆகியவற்றால் இது பரவாது. நுளம்பினாலும் பரவாது. நுளம்பின் உடலில் இவ்வைரசு பெருகுவதில்லை, சமிபாடடைந்து அழிகின்றது. மேலும் நுளம்பு குத்தும்போது உட்செலுத்துவது தன் உமிழ்நீரையேயன்றி முன்னர் உறிஞ்சிய குருதியையன்று. இவ்வளவும் பாடசாலை மாணவர் விளங்கிக்கொள்ளக்கூடியன. பாடநூலில் அப்பக்கம் வரும்போது வீட்டில் வாசிக்கும்படி கூறிக் கடந்துசெல்லும் ஆசிரியர், கற்பித்தலிலிருந்து தப்பவில்லை, அறியாமையைக் கற்பிக்கின்றார்.

முஸ்லிம் ஊர்களைக் காக்கும் கேடயமாகச் சுன்னத்துச் செய்தலைச் சிலர் கூறுவர். தென்னாபிரிக்கா, கென்யா, உகண்டா ஆகிய நாடுகளில் நிகழ்ந்து 2005க்கும் 2007க்கும் இடையில் முடிவுகள் வெளியான ஆய்வுகள், பெண்ணிடமிருந்து ஆணுக்குத் தொற்றும் வாய்ப்பை இது ஏறத்தாழ 60 சதவீதத்தால் குறைக்கின்றது எனக் காட்டின. குறைத்தல் வேறு, ஒழித்தல் வேறு. தொற்றுள்ள ஆணிடமிருந்து மனைவியை அது காக்கின்றது என அந்த ஆய்வுகள் கூறவில்லை. பாதி உண்மையை முழுக் கேடயமாக ஏந்துபவன் போர்க்களத்தில் வெறுங்கையனைவிட ஆபத்துக்குள்ளாகின்றான். ஏனெனில் அவன் ஒதுங்குவதுமில்லை.

இந்நோய் பாவத்தின் சம்பளம் என்ற வாதமே எல்லாவற்றிலும் கொடியது. கணவனன்றி வேறொருவரையும் அறியாத மனைவி எப்பாவத்துக்காகத் தொற்றுறுகின்றாள்? அவள் வயிற்றுச் சிசு செய்த குற்றம் யாது? குழந்தைநல மருத்துவரான கமலிகா அபேரத்ன 1995இல் வீதி விபத்தொன்றின் பின் ஏற்றப்பட்ட குருதியினால் தொற்றுக்குள்ளானார். அதனை மறைக்காது தம் பெயரோடும் முகத்தோடும் நாட்டுக்கு அறிவித்து, 2004இல் மறையும்வரை பிற நோயாளருக்காகக் குரல்கொடுத்தார். அவருடைய துணிவுக்கு முன்னால் பாவக் கணக்கு எழுதுவோரின் ஏடு வெட்கித்தான் போகவேண்டும். ஆயினும் விபத்தில் தொற்றுற்றவர் இரங்கத்தக்கவர், உறவினால் தொற்றுற்றவர் தண்டிக்கத்தக்கவர் என்ற பிரிவினையும் ஏற்கத்தக்கதன்று. மருத்துவமனைக் கட்டிலில் கிடப்பவனிடம் நோய் வந்த வழியைக் கேட்டு நீதி வழங்கும் உரிமை எவருக்கும் அளிக்கப்படவில்லை.

இக்கரையோரச் சமூகத்துக்கு இவ்வுண்மை பிறரினும் நன்கு தெரிந்திருத்தல் வேண்டும். 2020 ஏப்பிரல் முதல் 2021 பெப்ரவரி வரை, கொரோனாவினால் இறந்தோர் அனைவரும் எரிக்கப்படல் வேண்டும் என்ற கட்டளை நடைமுறையில் இருந்தது. நிலத்தடி நீரில் வைரசு கலக்கும் என்று கூறப்பட்ட காரணத்துக்கு அறிவியல் ஆதாரம் இருக்கவில்லை. ஜனாஸாவை அடக்கும் உரிமை மறுக்கப்பட்ட குடும்பங்களின் துயரத்தைக் கல்முனையும் அக்கரைப்பற்றும் அறியும். பின்னர் ஓட்டமாவடியில் அடக்கம் செய்ய இடம் கிடைத்தது. 2024இல் அமைச்சரவை மன்னிப்புக் கோரவும் முடிவுசெய்தது. நோயின் பெயரால், ஆதாரமற்ற அச்சத்தின் பெயரால், ஒரு மக்கட் கூட்டம் இழிவுபடுத்தப்படுவதன் வலி யாதென அறிந்த சமூகம், அதே அச்சத்தைத் தன் நடுவிலுள்ள எச்.ஐ.வி. தொற்றாளர்மீது ஏவுமாயின் அதனை எவ்வாறு நியாயப்படுத்தும்? 2016இல் குளியாப்பிட்டியில், தந்தைக்கு எயிட்ஸ் என்ற வதந்தியினால், தொற்றேதுமற்ற சிறுவன் ஒருவன் பாடசாலையிலிருந்து விலக்கப்பட்டான். பிற பெற்றோர் தம் பிள்ளைகளை அனுப்ப மறுத்தனர். ஈற்றில் கண்டி திரித்துவக் கல்லூரி அவனுக்குக் கதவு திறந்தது. இத்தகைய சிறுவன் நாளை பொத்துவிலிலோ நிந்தவூரிலோ பாடசாலை வாயிலில் நிற்பின், எக்கதவு திறக்கும்?

பாலியல் அறிவு புகட்டினால் இளைஞர் கெடுவர் என்ற அச்சமும் ஆராயத்தக்கது. குளிப்பு எப்போது கடமையாகும், மாதவிடாய்க் காலத்தில் விலக்கப்பட்டவை யாவை என்பவற்றை மத்ரசாவில் ஓதும் சிறுவரும் சிறுமியரும் கற்கின்றனர். பிக்ஹு நூல்கள் மணவாழ்வின் நுணுக்கங்களை நாணமின்றி, ஆனால் கண்ணியத்துடன் பேசுகின்றன. இவற்றையெல்லாம் பேசும் மரபு நோய்த்தடுப்புக்கு மட்டும் நாவை அடக்குமாயின், குற்றம் மரபினதன்று; அதனைக் காவல் செய்வதாகக் கூறுவோரது. உகண்டாவில் 1992 முதல் இஸ்லாமிய மருத்துவர் சங்கம் இமாம்களுக்குப் பயிற்சியளித்தது. அவர்கள் பள்ளிவாசலில் மட்டுமன்றி வீடுவீடாகவும் சென்று எயிட்ஸ் பற்றி எடுத்துரைத்தனர். ஆணுறை குறித்துத் தொடக்கத்தில் எதிர்ப்பு எழுந்தது. உரையாடலின் பின் அதுவும் கற்பித்தலில் இடம்பெற்றது. அவர்களது மார்க்கப்பற்று கல்முனை மக்களின் மார்க்கப்பற்றிலும் குறைந்ததென எவர் கூறுவார்? கற்பொழுக்கத்தைப் போதிப்பதும் ஆணுறையின் பயனை அறிவிப்பதும் ஒன்றையொன்று மறுப்பனவல்ல. முன்னையதைக் கேளாதவனைச் சாகவிடுவது அறமாகாது.

பொருளாதார நோக்கிலும் இம்மௌனம் ஏழைகளையே தாக்குகின்றது. வளைகுடா நாடுகளுக்குச் செல்லும் தொழிலாளர் கட்டாயக் குருதிச் சோதனைக்குள்ளாகின்றனர். தொற்றுள்ளதெனக் காணப்படுவோர் அங்கு தொழில் புரிய முடியாது. உழைப்பை வாங்குவோர் உழைப்பவரின் நோயைச் சுமக்க மறுக்கின்றனர். திரும்பிவரும் பணிப்பெண்மீது ஊர் ஐயுறுகின்றது. அவளை அனுப்பிய வறுமைமீது எவரும் ஐயுறுவதில்லை. அறுகம்பேயில் அலைச்சறுக்குக் கற்பிக்கும் இளைஞனும் விடுதியில் அறை துப்புரவாக்கும் தொழிலாளியும் அவ்வாறே. பருவகால வருவாயை விரும்பி ஏற்கும் ஊர், அவர்களுக்கு அறிவையும் மறைவான சோதனை வசதியையும் அளிக்க விரும்புவதில்லை. நாட்டின் சட்டமும் உதவவில்லை: 1841ஆம் ஆண்டின் அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டமும், தண்டனைச் சட்டக்கோவையின் 365அ பிரிவும், மிக அவசியமாக உதவி நாடவேண்டியவரை இருளுக்குள் துரத்துகின்றன.

இத்தனைக்கும் இன்று நம்பிக்கைக்கு இடமுண்டு. 1996இல் பல மருந்துகளைச் சேர்த்தளிக்கும் முறை நிலைபெற்றபின் இத்தொற்று நீண்டகாலம் கட்டுப்படுத்தத்தக்க நோயாயிற்று. மருந்தை ஒழுங்காக உட்கொண்டு குருதியில் வைரசு அளவிடமுடியாத நிலையை அடைந்தவரிடமிருந்து உடலுறவினால் தொற்று பரவுவதில்லை என்பதை 2016இலும் 2019இலும் வெளியான பெரும் ஆய்வுகள் உறுதிசெய்தன. தொற்றுக்கு ஆளாகியிருக்கலாம் என ஐயுறுவோர் 72 மணித்தியாலத்துக்குள் மருந்து தொடங்கின் அதனைத் தடுக்க வாய்ப்புண்டு. தாயிடமிருந்து சேய்க்குப் பரவுதலை ஒழித்தமைக்காக 2019இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சான்றளித்தது. கிராமந்தோறும் உழைக்கும் குடும்பநல உத்தியோகத்தரின் சாதனை அது. அரச பாலியல்நோய்ச் சிகிச்சை நிலையங்களில் சோதனையும் மருந்தும் இலவசம், இரகசியமும் பேணப்படுகின்றது. மருந்து உண்டு, மருத்துவர் உளர். அந்நிலையத்தின் வாயிலை மிதித்தால் யார் காண்பார், என்ன சொல்வார் என்ற அச்சமே நோயாளரைத் தடுத்து நிறுத்துகின்றது.

அவ்வச்சத்தைப் படைத்தவர் மனிதர். ஆதலின் அதனை அகற்றுவதும் மனிதராலேயே இயலும். பள்ளிவாசல்களின் குத்பாப் பிரசங்கங்களிலும் கோயில் மண்டபங்களிலும் இதனைக் கண்ணியமாகப் பேசலாம். அறுகம்பே விடுதி உரிமையாளர் பருவம் தொடங்குமுன் தம் தொழிலாளருக்குச் சுகாதார அதிகாரிகளைக் கொண்டு வகுப்பு நடத்தலாம். பாடசாலைகள் அப்பக்கத்தைக் கடவாது கற்பிக்கலாம். பல்கலைக்கழகமோ இலக்கியக் கூட்டங்களில் மானிட நேயத்தைப் பேசிக் கலைந்துபோகும் வழக்கத்தை விடுத்து, தமிழில் தெளிவான சிறு நூல்களை ஆக்கி இக்கரையோர ஊர்களுக்கு எடுத்துச் செல்லவேண்டும். தமிழறிந்த மாணவர் செய்யத்தக்க பணி அது. மருத்துவபீட மாணவரும் கலைப்பீட மாணவரும் சேர்ந்து செய்யவேண்டிய பணி. எவரேனும் ஒருவர் அஞ்சாது சோதனைக்குச் செல்லவும், தொற்றுற்றவர் தம் வீட்டிலேயே மதிப்போடு வாழவும் அந்நூல் உதவுமாயின், கற்ற தமிழ் பயன்பட்டதாகும்.