பக்கவாதம்: முதல் ஸ்கேனிலேயே ரத்தக்குழாயையும் பார்க்க வேண்டும்
(நிலைப்பாட்டு அறிக்கை)

பக்கவாத அறிகுறிகளோடு ஒருவர் வந்தால், முதல் மருத்துவமனையில் எடுக்கும் முதல் சி.டி. ஸ்கேனோடு சேர்த்தே கழுத்து, மூளை ரத்தக்குழாய்களின் ஆஞ்சியோகிராமையும் எடுத்துவிட வேண்டும். அதற்கெனத் தனிச் சீட்டு, முன்பணம், மேலிட அனுமதி என்று எதுவும் குறுக்கே வரக் கூடாது. இதுவே எங்கள் சங்கத்தின் நிலைப்பாடு. நரம்பியல், கதிரியக்கவியல், அவசர சிகிச்சைப் பிரிவுகளின் மருத்துவர்களும் செவிலியர்களும் ஸ்கேன் தொழில்நுட்பர்களும் கூடிப் பேசி எடுத்த முடிவு இது. எல்லோருக்கும் எல்லாவற்றிலும் உடன்பாடு ஏற்பட்டுவிடவில்லை. எங்கே ஏற்படவில்லை என்பதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறோம்.

தமிழ்நாட்டின் பல ஊர்களில் இன்று நடப்பது வேறு. வாய் கோணி, ஒரு பக்கம் கையும் காலும் விழுந்த நிலையில் நோயாளியைக் கொண்டுவருகிறார்கள். சாதாரண சி.டி. எடுத்து, ‘ரத்தக்கசிவு இல்லை’ என்று எழுதுகிறார்கள். வாய்ப்பிருந்தால் ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்து போடப்படுகிறது. இல்லையென்றால் ‘பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்க’ என்று அனுப்பிவிடுகிறார்கள். இன்னும் சில இடங்களில், வெளியே உள்ள ஸ்கேன் மையத்துக்குப் போய் எம்.ஆர்.ஐ. எடுத்து வரச் சொல்கிறார்கள். எந்தக் குழாய், எந்த இடத்தில் அடைபட்டிருக்கிறது என்ற கேள்வியை இரண்டாவது அல்லது மூன்றாவது மருத்துவமனையில்தான் முதன்முதலாக ஒருவர் கேட்கிறார். அதற்குள் சில மணி நேரம் போயிருக்கும். பெரிய குழாய் ஒன்று அடைபட்டால் நிமிடத்துக்குச் சராசரியாக 19 லட்சம் நரம்பு செல்கள் அழிகின்றன என்று அமெரிக்க நரம்பியலாளர் ஜெஃப்ரி சேவர் 2006-இல் கணக்கிட்டார். பக்கத்துக் குழாய்கள் வழியாக ரத்தம் ஓரளவு வந்துகொண்டிருப்பவருக்கு இந்த வேகம் குறையும். அந்த வழி இல்லாதவருக்குக் கூடும். யாருக்கு எது என்பதையும் ஆஞ்சியோகிராம்தான் காட்டும்.

ரத்தக்குழாய் வழியாகக் கட்டியை வெளியே எடுக்கும் சிகிச்சைக்கு, அதாவது திராம்பெக்டமிக்கு, ஒரு வரலாறு உண்டு. நிலைப்பாடு இதிலிருந்தே பிறந்ததால் அதைச் சற்று விரிவாகவே சொல்கிறோம். 2013-இல் ஐ.எம்.எஸ். 3, சிந்தசிஸ், எம்.ஆர். ரெஸ்க்யூ என்ற மூன்று ஆய்வுகளின் முடிவுகள் ஒன்றாக வெளிவந்தன. குழாய் வழிச் சிகிச்சையால் கூடுதல் பயன் இல்லை என்றன மூன்றும். இந்தத் துறையே முடிந்துபோயிற்று என்று அப்போது பேசியவர்கள் உண்டு. ஆனால் அந்த ஆய்வுகளுக்குள் போய்ப் பார்த்தால் காரணம் தெரிகிறது. சிந்தசிஸில், பெரிய குழாய் அடைபட்டிருக்கிறதா என்று படம் எடுத்து உறுதிசெய்வது கட்டாயமாகவே இல்லை. ஐ.எம்.எஸ். 3-இல் ஏறத்தாழப் பாதிப் பேருக்கே தொடக்கத்தில் சி.டி. ஆஞ்சியோகிராம் இருந்தது. எடுப்பதற்குக் கட்டியே இல்லாதவர்களும் கட்டி எடுக்கும் குழுவில் இருந்தார்கள். கருவிகளும் பழையவை, தொடங்குவதிலும் தாமதம்.

இரண்டே ஆண்டுகளில் நிலைமை தலைகீழாக மாறியது. நெதர்லாந்தில் 16 மருத்துவமனைகளில் 500 நோயாளிகளிடம் நடந்த எம்.ஆர். கிளீன் ஆய்வில் சேர, குழாய் அடைப்பு படத்தில் தெரிந்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. பிறர் துணையின்றி வாழும் நிலைக்குத் திரும்பியவர்கள் வழக்கமான சிகிச்சையில் 19.1 சதவீதம், கட்டியை எடுத்த குழுவில் 32.6 சதவீதம். 2015-இலேயே கனடாவின் எஸ்கேப், ஆஸ்திரேலியாவின் எக்ஸ்டெண்ட்-ஐ.ஏ., கட்டலோனியாவின் ரெவாஸ்காட், பல நாடுகள் சேர்ந்த ஸ்விஃப்ட் பிரைம் ஆகியவையும் அதையே சொல்லின. ஐந்தையும் சேர்த்து 1,287 நோயாளிகளின் தரவை 2016-இல் அலசியபோது, தற்சார்போடு இருந்தவர்கள் 26.5 சதவீதத்திலிருந்து 46 சதவீதமாக உயர்ந்திருந்தார்கள். ஏறத்தாழ மூன்று பேருக்குச் செய்தால் ஒருவருக்கு இயலாமை ஒரு படியாவது குறைகிறது. நரம்பியலில் இவ்வளவு பலன் தரும் அவசர சிகிச்சை வேறொன்று இருப்பதாக எங்களுக்குத் தெரியவில்லை. ஸ்டென்ட் ரிட்ரீவர் என்ற வலைக்கருவி வந்தது இதற்கு ஒரு காரணம். சரியான நோயாளியைப் படத்தால் தேர்ந்தெடுத்தது மற்றொன்று. எங்கள் பார்வையில் அதற்கு இணையானது.

‘அதெல்லாம் பணக்கார நாடுகளில்’ என்ற மறுமொழி எங்கள் கூட்டத்திலும் எழுந்தது. அதற்குப் பதில் பிரேசிலில் இருக்கிறது. அந்நாட்டின் 12 பொது மருத்துவமனைகளில் 221 பேரிடம் நடந்த ரெசிலியென்ட் ஆய்வு 2020-இல் வெளியானது. அங்கும் கட்டியை எடுத்தவர்களில் 35 சதவீதம் பேரும், மருந்து மட்டும் பெற்றவர்களில் 20 சதவீதம் பேரும் தற்சார்பு நிலையை எட்டினர். நம்முடையதைப் போன்ற நெரிசலும் பற்றாக்குறையும் உள்ள அரசு மருத்துவமனைகள்தாம் அவை.

முதல் ஸ்கேனில் ஆஞ்சியோகிராமைச் சேர்ப்பதற்குச் சொல்லப்படும் தடைகளில் முதலாவது கிரியேட்டினின். சிறுநீரகச் சோதனை முடிவு வராமல், குழாய்களைப் படத்தில் காட்டும் காண்ட்ராஸ்ட் மருந்து போட முடியாது என்ற வழக்கம் ஸ்கேன் அறைகளில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. சிறுநீரக நோய் இருந்ததாகத் தெரியாத நோயாளிக்கு இந்தச் சோதனைக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை என்று அமெரிக்கப் பக்கவாதச் சங்கத்தின் வழிகாட்டுதல் கூறுகிறது. நாங்களும் அதை ஏற்கிறோம். ஏற்கெனவே சிறுநீரக நோய் உள்ளவர், காண்ட்ராஸ்ட் ஒவ்வாமை கண்டவர் ஆகியோர் விஷயத்தில் மட்டும் பணியிலுள்ள மருத்துவர் யோசித்து முடிவெடுக்கட்டும். கரைப்பு மருந்தைத் தொடங்கும் முன்னும் கட்டாயமாகத் தெரிய வேண்டிய ரத்தச் சோதனை சர்க்கரை அளவு ஒன்றுதான். அதை விரல் நுனியில் குத்தி நொடிகளில் பார்த்துவிடலாம்.

இரண்டாவது தடை மிகச் சிறியது. ஆனால் இதனால் வீணாகும் நிமிடங்கள் அதிகம். காண்ட்ராஸ்டை வேகமாகச் செலுத்த முழங்கை மடிப்பில் பெரிய ஊசி வேண்டும். புறங்கையில் சின்ன வென்ஃப்ளானோடு ஸ்கேன் மேசைக்கு வரும் நோயாளிக்கு அங்கே மறுபடி ரத்தநாளம் தேட வேண்டியிருக்கிறது. பக்கவாதம் என்று சந்தேகம் வந்தவுடன் அவசரப் பிரிவுச் செவிலியரே பச்சை நிற 18 கேஜ் வென்ஃப்ளானைப் போட்டுவிட வேண்டும். இதற்கு மருத்துவர் உத்தரவு தேவையில்லை என்று எழுத்தில் இருக்க வேண்டும். எங்கள் செவிலியர் உறுப்பினர்கள் முன்வைத்த கோரிக்கை இது. இந்த அறிக்கையிலேயே அதிகப் பயன் தரக்கூடிய வரியும் இதுவாகவே இருக்கலாம்.

மூளைத் திசுவின் ரத்தவோட்டத்தைக் காட்டும் பெர்ஃப்யூஷன் ஸ்கேனும் எம்.ஆர்.ஐ.யும் எங்கே வேண்டும்? அறிகுறி தொடங்கி ஆறு மணி நேரத்துக்குள் வந்தவருக்குச் சாதாரண சி.டி.யும் ஆஞ்சியோகிராமும் போதும். ஆறு மணி நேரத்துக்கு மேல் 24 மணி நேரம் வரை, யாருக்குப் பயன் கிடைக்கும் என்று பிரித்தறிய பெர்ஃப்யூஷன் போன்ற படங்களைப் பயன்படுத்திய டான், டிஃப்யூஸ் 3 ஆய்வுகள் 2018-இல் பெரிய மாற்றத்தைக் கொண்டுவந்தன. டான் ஆய்வில் தற்சார்பு நிலையை எட்டியவர்கள் கட்டியை எடுக்காதவர்களில் 13 சதவீதம், எடுத்தவர்களில் 49 சதவீதம். அதனால் பலர் பெர்ஃப்யூஷன் இல்லாமல் ஒன்றும் செய்ய முடியாது என்று முடிவுகட்டிவிட்டார்கள். ஆனால் நெதர்லாந்தில் 2023-இல் வெளியான எம்.ஆர். கிளீன்-லேட் ஆய்வு, சி.டி. ஆஞ்சியோகிராமில் பக்க ரத்தவோட்டம் தெரிகிறதா என்று மட்டும் பார்த்து நோயாளிகளைத் தேர்ந்தெடுத்தும் பலன் கண்டது. ஆகவே பெர்ஃப்யூஷன் மென்பொருள் இல்லாத மருத்துவமனை அதைக் காரணம் காட்டி நோயாளியைத் திருப்பி அனுப்புவதை நாங்கள் ஏற்கவில்லை. தூக்கத்திலிருந்து எழும்போதே பாதிப்போடு எழுந்தவருக்குக் கரைப்பு மருந்து போடலாமா என்று தீர்மானிக்க எம்.ஆர்.ஐ. உதவும், மூளைத்தண்டுப் பாதிப்பா என்ற ஐயத்திலும் உதவும். மற்றவர்களை எம்.ஆர்.ஐ. வரிசையில் உட்கார வைக்கக் கூடாது.

ஏற்கெனவே பெரிய பகுதி சேதமடைந்துவிட்டால் கட்டியை எடுத்துப் பயனில்லை என்று அண்மைக்காலம் வரை நாங்களே சொல்லிவந்தோம். சி.டி. படத்தில் பத்து இடங்களைப் பார்த்து மதிப்பெண் போடும் ஆஸ்பெக்ட்ஸ் முறையில் ஆறுக்குக் கீழே போனால் கை விரித்துவிடுவது வழக்கம். ஜப்பானில் 2022-இல் வெளியான ரெஸ்க்யூ-ஜப்பான் லிமிட் தொடங்கி செலக்ட் 2, ஏஞ்சல்-ஆஸ்பெக்ட், டென்ஷன், லாஸ்ட் வரை வரிசையாக வந்த ஆய்வுகள் அந்தக் கோட்டை அழித்துவிட்டன. மதிப்பெண் குறைவு என்பதை மட்டும் வைத்து இனி மறுக்கக் கூடாது. அதே சமயம் குடும்பத்தாரிடம் உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். செலக்ட் 2 ஆய்வில் கட்டியை எடுத்தவர்களிலும் தற்சார்போடு இருந்தது ஏறத்தாழ ஐந்தில் ஒருவர்தான். எடுக்காதவர்களில் அது 7 சதவீதம். ‘எடுத்தால் எழுந்து நடப்பார்’ என்று வாக்குக் கொடுப்பது தவறு.

பின்மூளைக்குச் செல்லும் பேசிலார் குழாய் அடைப்புக்கு, சீனாவில் நடந்து 2022-இல் வெளியான அட்டென்ஷன், பாவோச்சே ஆய்வுகளுக்குப் பிறகு ஐயம் இல்லை, செய்ய வேண்டும். நடுத்தர, சிறிய குழாய்களில் வழக்கமாகச் செய்வதை நாங்கள் ஆதரிக்கவில்லை. 2025-இல் வெளியான எஸ்கேப்-மீவோ, டிஸ்டல் இரண்டிலும் பலன் தெரியவில்லை. கருவி கையில் இருப்பதால் அது எட்டும் இடமெல்லாம் போக வேண்டும் என்றில்லை.

கட்டியை எடுக்கப் போகிறோம் என்பதற்காகக் கரைப்பு மருந்தைத் தவிர்க்கக் கூடாது. நாலரை மணி நேரத்துக்குள் வந்த, தடை ஏதும் இல்லாத நோயாளிக்கு முதல் மருத்துவமனையிலேயே மருந்து போட்டுவிட்டுத்தான் அனுப்ப வேண்டும். ஆல்டிப்ளேஸ் ஒரு மணி நேரம் சொட்டுச் சொட்டாக ஏற வேண்டிய மருந்து. ஆம்புலன்ஸில் அது தொல்லை. கிலோவுக்கு 0.25 மில்லிகிராம் வீதம் ஒரே ஊசியாகப் போடும் டெனெக்டிப்ளேஸ் இடமாற்றத்துக்கு ஏற்றது. 2018-இல் வெளியான எக்ஸ்டெண்ட்-ஐ.ஏ. டி.என்.கே. ஆய்வில், கட்டியை எடுக்கும் கேத்லாபுக்குப் போவதற்குள் ரத்தவோட்டம் திரும்பியவர்கள் ஆல்டிப்ளேஸில் 10 சதவீதம், டெனெக்டிப்ளேஸில் 22 சதவீதம். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறோம்: ரத்த அழுத்தம் கூடியிருக்கிறது என்று நாக்குக்கு அடியில் நிஃபெடிபின் உடைத்து வைக்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. அழுத்தம் திடீரென்று விழுந்தால் பக்கக் குழாய்களில் வரும் கொஞ்ச ரத்தமும் நின்றுபோகும். அந்தப் பழக்கத்தை நிறுத்த வேண்டும்.

அருகிலுள்ள மருத்துவமனையைத் தாண்டி நேராகத் திராம்பெக்டமி மையத்துக்கே போகலாமா என்பதில்தான் எங்களுக்குள் கருத்து வேறுபாடு. கட்டலோனியாவின் ரேஸ்காட் ஆய்வில் இரண்டு முறைகளுக்கும் மூன்று மாத முடிவில் வேறுபாடு தெரியவில்லை. ஆனால் அங்கே உள்ளூர் மையங்கள் நோயாளியை விரைந்து அனுப்பிப் பழகியவை. நம் சாலைகளுக்கும் மாவட்டங்களுக்கும் அதை அப்படியே பொருத்த எங்களில் பலர் தயங்குகிறார்கள். எல்லோரும் ஒப்புக்கொண்டது இவ்வளவு: முதல் மருத்துவமனையில் சி.டி. இல்லையென்றால் 108 ஆம்புலன்ஸ் அங்கே நிற்கவே கூடாது. சி.டி. இருக்கும் இடத்தில் ஆஞ்சியோகிராமோடு சேர்த்து எடுத்து, படங்களை உடனே மையத்துக்கு அனுப்பி, வாசலுக்கு வந்த 90 நிமிடத்துக்குள் நோயாளியைக் கிளப்பிவிட வேண்டும். போய்ச் சேர்ந்த இடத்தில், நிலை மாறியிருந்தாலொழிய, மறுபடி ஸ்கேன் வேண்டாம்.

இது தமிழ்நாட்டுக்கு முடியாத காரியம் அல்ல. மாரடைப்புக்குச் சிறு மருத்துவமனைகளையும் கேத்லாப் உள்ள மையங்களையும் ஒரே வலைப்பின்னலாக இணைத்த தமிழ்நாட்டுத் திட்டத்தின் முடிவுகள் 2017-இல் வெளிவந்தன. 2,420 நோயாளிகளிடம் பார்த்ததில் ஓராண்டு இறப்பு 17.6 சதவீதத்திலிருந்து 14.2 ஆகக் குறைந்திருந்தது. அதே 108 வண்டிகளையும் அதே கேத்லாப்களையும் பக்கவாதத்துக்கும் பயன்படுத்தலாம். இதயத்துக்கான கேத்லாபைப் பகிர்ந்துகொள்வதில் எங்களுக்குத் தயக்கமில்லை. ஆனால் கருவியைப் பிடிப்பவர் மூளை ரத்தக்குழாயில் முறையான பயிற்சி பெற்றிருக்க வேண்டும். அவர் நரம்பியலில் இருந்து வந்தவரா, கதிரியக்கவியலா, நரம்பு அறுவையா, இதயவியலா என்பது எங்களுக்கு இரண்டாம் பட்சம். நம் நாட்டில் மூளைக்குள் உள்ள குழாய்களிலேயே கொழுப்புப் படிந்து சுருங்குவது அதிகம். கட்டியை எடுத்த பின்னும் அதே இடம் மீண்டும் அடைத்துக்கொள்ளும். பலூனோ ஸ்டென்ட்டோ தேவைப்படும். அந்தச் சூழலைக் கையாளத் தெரியாதவர் தொடங்கக் கூடாது.

பணத்தைப் பற்றிப் பேசாமல் இதை முடிக்க முடியாது. ஒருமுறை மட்டுமே பயன்படும் ஸ்டென்ட் ரிட்ரீவருக்கும் கூடச் செல்லும் கதீட்டர்களுக்கும் சேர்த்துச் செலவு லட்சங்களில் போகிறது. குடும்பம் நகையை அடகு வைக்க அலையும் நேரத்தில் மூளை காத்திருப்பதில்லை. 2017 பிப்ரவரியில் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் இதய ஸ்டென்ட்களுக்கு விலை உச்சவரம்பு விதித்தது. திராம்பெக்டமிக் கருவிகளுக்கும் அதே நடவடிக்கை வேண்டும் என்று மத்திய அரசைக் கேட்கிறோம். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் இதற்கான ஒப்புதலைச் சிகிச்சை முடிந்த பிறகு பெற்றுக்கொள்ள அனுமதிக்கும்படி மாநில அரசைக் கேட்கிறோம். சந்தேகப் பக்கவாதத்தில் சி.டி. ஆஞ்சியோகிராமுக்கு அரசு மருத்துவமனைகளில் முன்கட்டணம் வாங்குவதை நிறுத்த வேண்டும்.

எங்கள் உறுப்பினர்கள் பணிபுரியும் ஒவ்வொரு மையமும் நான்கு நேரங்களைக் குறித்துவைக்கும்: நோயாளி கடைசியாக நன்றாக இருந்த நேரம், வாசலுக்கு வந்த நேரம், ஆஞ்சியோகிராம் எடுத்த நேரம், தொடையில் அல்லது மணிக்கட்டில் ஊசி ஏறிய நேரம். அனுப்பிவைக்கும் மையமாக இருந்தால் நான்காவதற்குப் பதில் ஆம்புலன்ஸ் கிளம்பிய நேரம். நோயாளிகளின் பெயரின்றி இந்தக் கணக்கை மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெளியிடுவோம். மோசமாக இருந்தாலும் வெளியிடுவோம். ஓராண்டுக் கணக்கு கையில் வந்ததும் 90 நிமிட இலக்கையும், மருத்துவமனையைத் தாண்டிப் போவது பற்றிய கேள்வியையும் மீண்டும் எடுத்துக்கொள்வோம்.